ஆவன செய்யாதிருக்க வேண்டி

பூவரசன் தன் கைப்பட எழுதிக் கொடுத்த மனுக்கள் மொத்தம் பதினேழு. பதினேழிலும் கடைசி வரி ஒன்றேதான். "எனவே ஐயா அவர்கள் இவ்விஷயத்தில் ஆவன எதுவும் செய்யாமல் இருக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

முதல் மனுவை வாங்கிப் படித்த எழுத்தர், படிப்பு குறைந்த ஆள் வார்த்தையை மாற்றிப் போட்டுவிட்டான் என்று நினைத்தார். பேனாவை எடுத்து அந்த இடத்தை அடித்து, "ஆவன செய்யும்படி" என்று மேலே திருத்தி எழுதினார்.

"ஐயா, அது தப்பு இல்லீங்க. தெரிஞ்சேதாங்க எழுதியிருக்கறன்."

"ஒண்ணும் செய்ய வேணாம்னா எதுக்குய்யா மனு குடுக்கற?"

"நீங்க ஏற்கெனவே செஞ்சிக்கிட்டு இருக்கறீங்களே, அத நிறுத்தச் சொல்லித்தாங்க."

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. "தங்கள் மனுவின் மீது ஆவன செய்யப்பட்டு வருகிறது." பூவரசன் அதைப் பென்னாகரத்துக்குக் கொண்டுபோய் லேமினேஷன் செய்து வீட்டு நிலைப்படிக்கு மேலே ஆணியடித்து மாட்டினான். அவன் மனைவி சசிகலா அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தாள். விருந்தாளி வந்தால் தண்ணீர் கொடுக்கும் முன்பே, "மேல பாருங்க, மேல பாருங்க" என்று காட்டுவாள்.

சீங்கமலை நாற்பத்திரண்டு வீடுகள் உள்ள ஊர். பென்னாகரத்துப் பக்கத்து மலைகளில் ஒன்றின் உச்சியில் இருக்கிறது. அடிவாரத்தில் மூங்கில்பள்ளம். அங்கிருந்து மேலே ஆறு கிலோமீட்டர், நடுவில் காப்புக்காடு. கழுதை ஏறும், ஆள் ஏறும், மழை பெய்யாத மாதங்களில் பைத்தியக்காரன் ஒருவன் ஓட்டினால் பைக்கும் பாதி தூரம் ஏறும். ரேஷன் அரிசி கழுதையில் வந்தது. சிமெண்ட் கழுதையில் வந்தது. தேர்தல் வந்தால் ஓட்டுப் பெட்டியும் கழுதையில்தான் வந்தது.

பூவரசன் பத்தாவது வரை பென்னாகரத்தில் விடுதியில் தங்கிப் படித்தான். பதினேழு வயதில் பெங்களூருக்குத் தார் ரோடு போடும் வேலைக்குப் போனான். பன்னிரண்டு வருஷம். ரோட்டில் செருப்பில்லாமல் நடந்தே, கீழே கிராவல் எத்தனை அங்குலம், ஜல்லி ஒழுங்காகப் பரப்பியிருக்கிறதா, மேஸ்திரி எங்கே ஏமாற்றியிருக்கிறான் என்று சொல்லிவிடுவான். அப்பா செத்த பிறகு இரண்டு ஏக்கர் மானாவாரியைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்தான். சசிகலாவைக் கட்டினான். ஒரே மகள் கலைமதி. இப்போது தர்மபுரியில் நர்சிங் படிக்கிறாள்.

ஊர் ஊராக ரோடு போட்டவன் சொந்த ஊருக்கு நடந்து ஏறினான். அது அவனை உறுத்தியது. ஆனால் மற்றவர்களைப் போல அவன் ரோடு கேட்கவில்லை. ஊரைக் கூட்டி ஒரு கணக்குச் சொன்னான். வீட்டுக்கு ஒரு ஆள், வாரத்துக்கு இரண்டு நாள். கல் நம்ம காட்டிலேயே கிடக்கிறது. கடப்பாரை, மண்வெட்டி நம்மிடமே இருக்கிறது. மூன்று கோடையில் டிராக்டர் ஏறும் பாதை போட்டுவிடலாம்.

போட்டார்கள். முதல் கோடையில் மேலேயிருந்து கீழ்நோக்கித் தொள்ளாயிரம் மீட்டர். கல்லைப் படுக்க வைத்து, இடுக்கில் ஜல்லி தட்டி, ஓரத்தில் தண்ணீர் ஓட வாய்க்கால் வைத்து, பூவரசன் சொல்லச் சொல்லப் பெண்களும் ஆண்களும் செய்தார்கள். இரண்டாவது கோடையில் வனத்துறை வந்தது. காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் வேலை. பதினோரு கடப்பாரையும் பதினான்கு மண்வெட்டியும் எடுத்துப் போனார்கள். ஐந்து பேர் மேல் வழக்கு. முதல் பெயர் பூவரசன்.

வனக்காவலர் தமிழ்ச்செல்வன் கெட்டவர் இல்லை. "நாங்க என்னாப்பா பண்றது, மேல கேக்கறாங்க" என்றார். "நீ ரோடு வேணும்னு மனு குடு. வரும்."

"சார், எனக்கு ரோடு வேணாங்க. நாங்களே போட்டுக்கறம். நீங்க தடுக்காம இருந்தாப் போதும். அதுக்கு எந்த ஆபீஸ்ல மனு குடுக்கறது?"

அப்படி ஒரு ஆபீஸ் இல்லை. அதனால்தான் பதினேழு மனு.

அவன் எந்தக் கட்சியிலும் இல்லை. அவனுடைய எண்ணமெல்லாம் பெங்களூரில் கிடைத்தது. அங்கே ஒரு தெருவில் வேலையைத் தொடங்க ஒரு கையெழுத்து வரவேண்டியிருந்தது. மூன்று மாதம் ரோலர் மழையில் நின்று துருப்பிடித்தது. எதிரே ஒரு பள்ளிக்கூடம். பிள்ளைகள் சேற்றில் போய்வந்தார்கள். ஆள் இருக்கிறது, தார் இருக்கிறது, ரோலர் இருக்கிறது, கையெழுத்து மட்டும் இல்லை. "உலகத்துல பாதி வேல செய்ய ஆள் இல்லாம நிக்கலடா, அனுமதி இல்லாமத்தான் நிக்குது" என்பான். "நான் அரசாங்கத்துக்கு எதிரி இல்ல. அது எங்க கால் மேல நிக்குது. அடிக்கல, திட்டல. கொஞ்சம் நகந்து நில்லுன்னு சொல்றன்."

நேராகச் சொல்லி யாரும் கேட்காததால் வேடிக்கையாகச் சொல்ல ஆரம்பித்தான்.

இருபத்தொன்றாம் வருஷத் தேர்தலில் ஓட்டுப் பெட்டியைச் சுமந்து மேலே வந்த கழுதைக்குச் சால்வை போர்த்தி, மாலை போட்டு, ஊர் நடுவில் நிறுத்தி, "அஞ்சு வருசத்துக்கு ஒரு தடவை தவறாம எங்க ஊருக்கு வந்து போற ஒரே அதிகாரிக்கு நன்றி" என்று அட்டை எழுதி வைத்தான். தேர்தல் அதிகாரியே திரும்பி நின்று சிரித்தார். அந்தப் படம் செல்போன்களில் மாவட்டம் முழுக்கச் சுற்றியது. காரிமங்கலத்தில் சந்தைக்குப் போயிருந்தபோது முன்பின் தெரியாதவர்கள், "கழுதைக்குச் சால்வ போட்டது நீங்கதானுங்களே?" என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் தார்ப்பாய். நாற்பதடி கறுப்புத் தார்ப்பாயில் சசிகலாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் நடுவில் வெள்ளைக் கோடு போட்டார்கள். ஓரத்தில் "வேகம் விவேகமல்ல" என்றுகூட எழுதினார்கள். காட்டுப் பாதையில் அதை விரித்து, அதன்மேல் நாற்பதடி நடந்து, பின்னாலிருந்து சுருட்டி முன்னால் விரித்து, மறுபடி நாற்பதடி. இப்படியே ஆறு கிலோமீட்டர். "காட்டுல ரோடு போடக் கூடாதுன்னாங்க. அதனால ரோட்டக் கையிலயே வச்சிருக்கறம்." தமிழ்ச்செல்வன் வந்து தார்ப்பாயைப் பறிமுதல் செய்ய வேண்டியதாயிற்று. மகஜரில் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ரோடு ஒண்ணுன்னு எழுதுங்க சார்" என்றாள் சசிகலா. எல்லாரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார்.

மூன்றாவதுதான் தூளி.

சீங்கமலையில் நோயாளியை மூங்கில் கொம்பில் போர்வை கட்டித் தூளியாக்கி நான்கு பேர் சுமந்துதான் இறக்குவார்கள். அதையே ஒரு வேடிக்கையாக்கி மூங்கில்பள்ளத்துக் கூட்டுரோட்டுக்குக் கொண்டுபோவது என்று பூவரசன் முடிவு செய்தான். நோயாளி வேஷத்துக்குச் சசிகலாவின் தம்பி குரு ஒத்துக்கொண்டான். பாம்பு கடித்த கேஸ் என்றால்தான் ஜனம் ஓடிவரும் என்றான் பூவரசன். வாயோரம் ஒழுக விடக் குங்குமத் தண்ணீர் கரைக்க உட்கார்ந்தார்கள்.

சசிகலா அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"ஏங்க, இது வேணாங்க. கழுதைய வச்சி வெளையாடுனீங்க, பாய வச்சி வெளையாடுனீங்க. நோவ வச்சி வெளையாடாதீங்க."

"அவனுக்கு நோவே இல்லியே சசி. நல்லாத்தான இருக்கறான்."

"அதாங்க வேணாங்கறன்."

 குங்குமத்தை டப்பாவோடு எடுத்து உள்ளே வைத்தாள். குரு வேறு வீட்டில் வாங்கிக்கொண்டான்.

மாசி மாதம். கூட்டுரோட்டில் தூளி இறங்கியதும் ஜனம் கூடிவிட்டது. டீக்கடை லூர்துமேரி எல்லாரையும் தள்ளிக்கொண்டு சோடா பாட்டிலோடு ஓடிவந்தாள். அவள் புருஷன் பாம்பு கடித்துச் செத்தவன். குருவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "வண்டியக் கூப்புடுங்கடா, நின்னு பாக்கறீங்களே" என்று அழுதாள். குரு கண்ணைத் திறந்து, குதித்து எழுந்து, இரண்டு சுற்று ஆடி, சட்டைக்குள்ளிருந்து அட்டையை எடுத்துக் காட்டினான். "நான் செத்துப்போயிட்டேன். பாதையைத் தடுத்தவங்க வரிசையா வந்து பாத்துட்டுப் போகவும்."

விசில் பறந்தது. சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. லூர்துமேரி மட்டும் தரையில் உட்கார்ந்தபடி தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புடவையெல்லாம் குங்குமத் தண்ணீர்.

"அக்கா, கோவிச்சிக்காதீங்க" என்று பூவரசன் குனிந்தான்.

"எங் கடை வாசல்ல இனி நீ நிக்காத" என்றாள். உரக்கச் சொல்லவில்லை.

போலீஸ் வந்தது. போக்குவரத்துக்கு இடையூறு, பொய்யான தகவல். வழக்குப் போடவில்லை. ஏட்டு ஒருவர் வெள்ளைத் தாளை நீட்டி, தான் சொல்வதை எழுதச் சொன்னார். இனிமேல் பொதுமக்களை ஏமாற்றும் விதமாக எந்த நூதனப் போராட்டமும் செய்ய மாட்டேன், செய்தால் சட்டப்படி நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன். பூவரசன் எழுதினான். வெளியே வந்து குருவிடம், "எழுத்து சுத்தமா இருக்குதுன்னு ஏட்டய்யா பாராட்டுனாரு" என்றான். வீட்டுக்கு வந்து சசிகலாவிடமும் அதையே சொன்னான். அவள், "லூர்துமேரி அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

கேட்டேன் என்று சொன்னான். சரியாகக் கேட்கவில்லை என்று அவனுக்கே தெரியும்.

அந்த ஐப்பசியில் கடலை பிடுங்கும்போது சசிகலாவைப் பாம்பு கடித்தது. கண்ணாடி விரியன். வலது மணிக்கட்டுக்குக் கீழே. காலை பதினொரு மணி இருக்கும். கொடியோடு சேர்த்துப் பிடித்துவிட்டாள். "ஏங்க" என்று ஒரே சத்தம்தான். அவன் ஓடிவந்தபோது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாம்பு இன்னும் அங்கேயே சீறிக்கொண்டிருந்தது.

போர்வையும் மூங்கிலும் வந்தன. குருவும் பூவரசனும் முன்னால், பின்னால் இரண்டு பேர். தொள்ளாயிரம் மீட்டர் வரை ஓடினார்கள். அவர்கள் கல் பாவிய இடம் அது. அதற்குப் பிறகு பாறை, வேர், ஓடை. அங்கே ஓட முடியாது. தூளி குலுங்கும்போதெல்லாம் சசிகலா, "மெதுவா, மெதுவா" என்றாள். பாதி தூரத்துக்குப் பிறகு அதையும் சொல்லவில்லை. ஒரு தடவை மட்டும், "கடலய மூடி வைக்கச் சொல்லுங்க, மழ வரும்" என்றாள்.

மூங்கில்பள்ளத்தை அடைந்தபோது மணி ஒன்று ஆகிவிட்டது. கூட்டுரோட்டில் ஆள் இருந்தது. டீக்கடை இருந்தது. ராஜாமணியின் குட்டி யானை வண்டி தக்காளிப் பெட்டி இறக்கிவிட்டுக் காலியாக நின்றது. எல்லாம் இருந்தது.

"அடடா, அடுத்த ஆட்டம் ஆரம்பிச்சாச்சு டோய்!"

யாரோ விசில் அடித்தார்கள். நான்கைந்து செல்போன்கள் உயர்ந்தன.

"பாம்பு கடிச்சிருச்சு, வண்டிய எடுங்க!" என்று பூவரசன் கத்தினான். மூச்சு வாங்கியதில் குரல் உடைந்தது.

"போன தடவையும் பாம்புதான?" என்றான் ஒருவன். "வேற எதாவது மாத்துங்கப்பா."

"ராஜாமணி, உன் கால்ல விழறன், வண்டிய எடு."

ராஜாமணி வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "மொதல்ல எறங்கி ஆடச் சொல்லுங்கண்ணா. ஆட்டம் நல்லா இருந்தா ஏத்திக்கறன்."

குரு அழுதுகொண்டே அவன் சட்டையைப் பிடித்தான். அது இன்னும் மோசமாயிற்று. போன தடவை ஆடிக் காட்டியவன் குருதான். அவன் அழுகையைப் பார்த்து, "தேறிட்டான்டா, நல்லாவே நடிக்கறான்" என்று பின்னால் ஒருவன் சொன்னான். சத்தம் கேட்டு ஏட்டு வந்தார். அதே ஏட்டு.

"எழுதிக் குடுத்தியா இல்லியா?"

"ஐயா, என் பொண்டாட்டிங்க. பாருங்க ஐயா. வாயில ரத்தம் வருதுங்க."

அவர் போர்வையை லேசாக விலக்கிப் பார்த்தார். வாயோரத்தில் சிவப்பாக ஒழுகியிருந்தது. சசிகலா கண்ணை மூடியிருந்தாள். "போன தடவையும் இதே சாயந்தான்" என்றார். "பொம்பளையப் போட்டுக் கூத்தாடறியா? நட ஸ்டேஷனுக்கு." பூவரசன் அவர் கையைத் தட்டிவிட்டான். அதற்காக அவனைப் பிடித்து வைத்தார்கள். அவன் திமிறினான். கூட்டம் வேடிக்கை பார்த்தது. இப்படியாக அரை மணி நேரம் போயிற்று. அரை மணி என்பது அவன் பிறகு கணக்குப் போட்டது. அப்போது அது எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

லூர்துமேரி முதுகைக் காட்டிக்கொண்டு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். கழுவிய தண்ணீரை வீசி ஊற்றத் திரும்பியபோது, போர்வைக்கு வெளியே தொங்கிய கை கண்ணில் பட்டது. முழங்கை வரை வீங்கி, கண்ணாடி வளையல்கள் சதைக்குள் புதைந்து கிடந்தன. வளையலுக்கு மேலே கறுத்திருந்தது. அப்படி ஒரு கையை அவள் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறாள், தன் புருஷனிடம்.

"டேய் பாவிங்களா! குங்குமத் தண்ணி கைய வீங்க வைக்குமாடா?"

அதற்குப் பிறகு எல்லாமே வேகமாக நடந்தது. ராஜாமணி ஓட்டிய ஓட்டத்தில் வண்டி பறந்தது. ஏட்டே முன்னால் பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். முதல் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். லூர்துமேரி வழியெல்லாம் சசிகலாவின் தலையை மடியில் வைத்திருந்தாள். வளையல்களைச் சோப்பு போட்டுக் கழற்றப் பார்த்தாள், முடியவில்லை, ஒவ்வொன்றாக உடைத்தாள். பொழுது சாய்வதற்குள் சசிகலா போய்விட்டாள். கலைமதி வகுப்பிலிருந்து ஓடி வந்து சேர்ந்தபோது துணி மூடிவிட்டார்கள்.

பூவரசன் டாக்டரிடம் ஒன்றைத்தான் கேட்டான். "அரை மணி முன்னால வந்திருந்தா?"

"சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர்.

"சும்மா சொல்லுங்க சார். உண்டா, இல்லியா?"

"நெஜமாவே சொல்ல முடியாதுங்க."

உண்டு என்றால் ஒரு விதமாகவும் இல்லை என்றால் ஒரு விதமாகவும் அவன் இருந்திருப்பான். அந்த மனிதர் உண்மையைச் சொன்னார்.

அவளைத் தங்கள் கடலைக் காட்டிலேயே அடக்கம் செய்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் அதுதான், அவரவர் நிலத்தில் அவரவர். நிலத்தின் கீழ் ஓரத்தில், வனத்துறை எல்லைக் கல் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பங்கன்று நின்றது. அதன் நிழல் விழும் இடம் என்று குரு பார்த்துச் சொன்னான். மேலே நாய் நரி தோண்டாமல் இருக்கப் பெரிய கற்களை அடுக்கினார்கள்.

காரியத்துக்கு ராஜாமணி வந்தான். வாசலிலேயே நின்றான். "அண்ணா, அடிச்சிருங்கண்ணா" என்றான். பூவரசன் அவனை உள்ளே கூப்பிட்டுச் சோறு போடச் சொன்னான். ஏட்டு வரவில்லை. ஆள் மூலமாகச் சொல்லி அனுப்பினார், என்ன சொன்னார் என்று பூவரசன் கேட்டுக்கொள்ளவில்லை. யாரையும் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் சிலர் அதை மனசு பெரிசு என்றார்கள். அவன் மனதில் ஓடியது வேறு. அவர்களை நம்பாமல் இருக்கப் பழக்கியது நான்தானே. ஜனங்களுக்குப் பாடம் நடத்தினேன், ஒழுங்காகப் படித்துக்கொண்டார்கள்.

லேமினேஷன் செய்த பதிலை நிலைப்படியிலிருந்து கழற்றினான். எறியவும் இல்லை, வைக்கவும் இல்லை. அரிசிப் பானைக்கு மூடியாகக் கொஞ்சநாள் கிடந்தது.

செல்போனில் எடுத்த படங்கள் இந்த முறையும் மாவட்டம் முழுக்கச் சுற்றின. பத்திரிகையில் பாதை இல்லாமல் பெண் சாவு என்று வந்தது. அதிகாரிகள் மலை ஏறினார்கள். பெரிய அதிகாரி ஒருவர் பாதி வழியில் பாறைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கி, "இவ்வளவு தூரமா?" என்று கேட்டாராம். ஐந்து வருஷமாக நகராத காகிதம் எட்டு மாதத்தில் நகர்ந்தது. காட்டுக்குள் பாதைக்கு அனுமதி வந்தது. அனுமதி என்ற சொல்லைக் குரு வந்து சொன்னபோது பூவரசன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். "ம்" என்றான்.

"மாமா, நீங்க எதாவது பேசுங்க மாமா."

"என்னாத்தப் பேசறது. நல்லதுதான்."

புரட்டாசியில் நில அளவையர் வந்தார். கூடவே இரண்டு ஆட்கள், சங்கிலி, சுண்ணாம்பு, வரைபடம். கீழிருந்து அளந்துகொண்டே வந்து, மூன்றாம் நாள் மேலே ஊருக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்கள். கடைசி நூற்றைம்பது அடி. ஒரு பக்கம் எல்லைக் கல், அதற்கு அப்பால் காடு; ஊரார் கல் பாவிய தடமும் அங்கேதான். இன்னொரு பக்கம் பூவரசனின் நிலம். வந்த அனுமதியில் இருப்பது கல் வரிசை வரைதான். பாதை பட்டா நிலத்தில்தான், கல் வரிசையை ஒட்டியே, நுழைய வேண்டும்; இன்னும் உள்ளே தள்ளினால் வண்டி ஏற முடியாத மேடு. சுண்ணாம்புக் கோடு வேப்பங்கன்று வரை வந்து நின்றது.

ஊர் முழுக்க அங்கே கூடியது. கூடியும் யாரும் பூவரசனைப் பார்க்கவில்லை. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊரில் மூத்தவள் ஜானகியம்மாள் மட்டும், "அந்தப் பக்கமா ரெண்டடி தள்ளி வாங்களேன் சாமி, காடு என்னா கொறஞ்சா போயிரும்?" என்றாள்.

"அந்தப் பக்கம் ஓரடி வச்சாலும் ஃபைல் திரும்ப முதல்லேர்ந்து போவணும்மா. ரெண்டு வருசமோ மூணு வருசமோ" என்றார் அளவையர். இளவயது மனிதர். விஷயம் தெரிந்திருந்தது அவருக்கு. காகிதத்தை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "நிலத்துக்காரர் சம்மதம் வேணுங்க. அவரு இஷ்டந்தான். கட்டாயம் இல்லீங்க."

அரசாங்கம் அவனிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

குரு அவனைத் தனியாக அழைத்துப் போனான். குருவின் மனைவிக்கு ஏழாவது மாதம். அதை அவன் சொல்லவில்லை. "மாமா, அக்கா மேல ரோடு போட வேணாம். நீங்க வேணாம்னு சொல்லுங்க. ஊர நான் பாத்துக்கறன். ஒருத்தரும் உங்கள ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

பூவரசன் அவனையே பார்த்தான். சொல்லும்போது குருவின் கண் சுண்ணாம்புக் கோட்டின் மேல்தான் இருந்தது.

"உன் பொண்டாட்டிய எப்பக் கீழ கூட்டிட்டுப் போகப் போற?"

"இன்னும் நாள் இருக்குது மாமா."

"இப்பவே கூட்டிட்டுப் போயி மூங்கில்பள்ளத்துல வை. லூர்துமேரி அக்கா வூட்டுல கேளு. நான் சொன்னன்னு சொல்லாத. நீயே கேளு."

திரும்பி வந்து காகிதத்தை வாங்கினான். எனக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை என்று அச்சடித்திருந்தது. படித்தான். வழக்கமாக எந்தத் தாளைக் கொடுத்தாலும் ஒரு வார்த்தையாவது மாற்றி எழுதுகிறவன். அளவையரும் அதைக் கேள்விப்பட்டிருக்க வேண்டும், பேனாவைக் கொடுத்துவிட்டுக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார். பூவரசன் அப்படியே கையெழுத்துப் போட்டான்.

"அகலம் எத்தினி அடிங்க?"

"பன்னெண்டடிங்க."

எல்லைக் கல்லிலிருந்து கால் அடி அடியாக வைத்து அளந்தான். கடைசி இரண்டடியில் கற்குவியல் வந்தது. தலைமாட்டுப் பக்கம் பாதைக்குள்ளே, கால்மாட்டுப் பக்கம் வெளியே. வேப்பங்கன்றும் உள்ளே.

"ஓரந்தாங்க உரசுது" என்றார் அளவையர் மெதுவாக. "ஆழமாத் தோண்ட மாட்டாங்க. ஒண்ணரை அடி கிராவல் போட்டு, மேல மேலதான் வரும். ஒண்ணும் பண்ணாம அப்படியே விட்டுறலாங்க. யாருக்கும் தெரியாது."

ஊர் ஜனம் அதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டது. ஜானகியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். குரு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பூவரசன் தலையை ஆட்டினான். பன்னிரண்டு வருஷம் பார்த்த வேலை அவனுக்குள்ளிருந்து பேசியது, அவன் பேசவில்லை. "இல்லீங்க. பொதச்ச மண்ணு ஏழெட்டு வருசத்துக்கு எறங்கிக்கிட்டேதாங்க இருக்கும். மேல ரோலர் ஏறுனா அன்னிக்குத் தெரியாது. ரெண்டு மழைக்கு அப்பறம் அந்த எடம் உள்வாங்கிரும். வளைவு வேற. சக்கரம் குழியில எறங்கி, உள்ள இருக்கற நோயாளியத் தூக்கிப் போடும்."

குனிந்து கற்குவியலை ஒட்டிய மண்ணை விரலால் அமுக்கிப் பார்த்தான்.

"எடுத்துட்டு, கெட்டியா மண்ணுப் போட்டு, தண்ணி விட்டு இடிக்கணும். ஆறாறு அங்குலமா. அப்பத்தான் நிக்கும்." நிலத்தின் மேல் ஓரத்தைத் திரும்பிப் பார்த்தான். "காட்டு மேலப் பக்கம் வச்சிக்கலாம். கலைமதிக்குச் சொல்லிட்டு. அவ வரட்டும்."

அளவையர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பத்து நாள் கழித்து வருவதாகச் சொன்னார். ஆட்கள் சங்கிலியைச் சுருட்டினார்கள். கூட்டம் கலையாமல் அங்கேயே நின்றது. இரண்டு பேர் முன்னால் வந்து குனிந்தார்கள்.

"வுடுங்க" என்றான் பூவரசன். "குழி வெட்ட நாளைக்கு எல்லாரும் வாங்க. இந்தக் கல்ல நான் எடுக்கறன்."

அவன் உட்கார்ந்து மேல் கல்லைத் தூக்கினான். கனமான கல். ஒரு வருஷத்து மழையில் மண்ணோடு ஒட்டியிருந்தது. அசைத்து, பெயர்த்து, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு போய்ப் பாதையின் ஓரத்தில், வாய்க்கால் வரவேண்டிய இடத்தைத் தாண்டி வைத்தான். அடுத்த கல்லுக்குத் திரும்பி வந்தான்.